பாதி பாதியாகக் கேட்பது

விளையாட்டு இதுதான். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை ஒருவர் மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் கேள்வி கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆமாம், இல்லை என்பதற்கு மேல் பதில் சொல்லக் கூடாது. யார் குறைந்த கேள்வியில் கண்டுபிடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். ஏழு கழுதை வயதில் இதென்ன விளையாட்டு என்று எங்களோடு இருக்கும் என் நாத்தனார் கேட்பாள். கேட்டுவிட்டுப் போகட்டும். இது மட்டும் இல்லாவிட்டால் எனக்கும் என் கணவருக்கும் எப்போதோ பேச்சு தீர்ந்து போயிருக்கும்.

கல்யாணமாகி, புதுப் பாத்திரங்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட நான் உரித்து முடிக்கவில்லை. அதற்குள் அவர் அணை கட்டும் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். மலைக்கு நடுவே எங்கோ இருக்கிறது அந்த இடம். அங்கே கிரேன் ஓட்டுகிறார். ஒப்பந்தம் முடியும்வரை வீட்டுக்கு வர முடியாது என்பது கம்பெனியின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் போன் செய்வார். ஆரம்பத்தில் நாங்கள் பேசிய லட்சணத்தை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ஆச்சு."

"வேலை எப்படிப் போகுது?"

"போகுது. வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்ல. நீங்கதான் சொல்லணும்."

"இங்க என்ன இருக்கு சொல்ல? சரி, வச்சிடவா?"

வாரம் முழுக்கக் காத்திருந்தது இதற்குத்தானா என்று இருக்கும். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். பாழாய்ப்போன வாய் அதுவரை எங்கே போயிருந்ததோ தெரியாது. பழகுவதற்கு முன்பே பிரிந்துவிட்டால் இப்படித்தான் போலிருக்கிறது. பேசத் தெரியவில்லையே தவிர, அவருடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அலமாரியில் மடித்து வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, 'வேற என்ன' என்ற இடத்தில் இரண்டு பேரும் வழக்கம்போல முட்டிக்கொண்டு நின்றபோது அவர் திடீரென்று, "நம்ம வீட்டுல ஒரு பொருளை நினைச்சிருக்கேன். என்னன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

விளையாட்டு என்று வந்துவிட்டால் நான் விடமாட்டேன். அதுவும் இந்த விளையாட்டு என் தொழிலோடு ஒட்டியது. லிஃப்ட்டுகளுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. அவர் என்னைக் 'கரண்டு' என்று கூப்பிடுவதும் அதனால்தான். என் கோபத்துக்காகவும் இருக்கலாம், நான் விசாரிக்கவில்லை. போர்டின் ஒரு முனையில் மின்சாரம் நுழைகிறது, மறுமுனைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதல் புள்ளியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். பொழுது போய்விடும். நான் நேராக நடுவில் மீட்டரை வைப்பேன். அங்கே மின்சாரம் இருந்தால் கோளாறு அதற்கு அப்பால். இல்லாவிட்டால் இப்பால். ஒரே தொடுதலில் பாதிப் போர்டு கழிந்தது. மிச்சப் பாதிக்கு மறுபடியும் ஒரு நடு.

அந்த நடுவும் ஸ்கேல் வைத்து அளக்கிற நடு கிடையாது. கம்பி வந்து செருகும் இடங்கள் அடிக்கடி கெடும். சின்னச் சில்லுகள் லேசில் கெடாது. கெட்டிருக்க வாய்ப்பு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிரிகிற இடம் எதுவோ அதுதான் நடு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் போர்டின் ஓரத்தில்கூட அது இருக்கும்.

என் கணவரையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டில் சாமான்கள் அதிகம் இருப்பது சமையலறையில். ஆனால் அவர் மனசு அந்தப் பக்கமே போகாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தன் கைபட்ட சாமான்களையே சுற்றிச் சுற்றி வரும். அதனால் என் முதல் கேள்வி எப்போதும், "நீங்க ரிப்பேர் பண்ணினதா?" என்பதுதான். இரண்டு தடவைக்கு ஒரு தடவை ஆமாம் என்று வரும். அதற்குப் பிறகு, தண்ணீர் படும் இடமா, கைக்கு எட்டும் உயரமா என்று நாலைந்து வெட்டு வெட்டினால் ஆள் மாட்டிக்கொள்வார். "எப்படிடி?" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

இன்னொரு வசதியும் இருந்தது. அவர் போன பிறகு வாங்கிய எதுவும் அவர் நினைப்பில் வராது. புது மிக்ஸி, ஜன்னல் திரை, நாத்தனாரின் மேஜை விளக்கு, எல்லாவற்றையும் கேட்காமலேயே தள்ளிவிடலாம். கணக்குப்படி எனக்கு அது லாபம்தான். ஆனால் போகப் போகத் தள்ளிவிட வேண்டிய சாமான்கள் கூடிக்கொண்டே வந்தன. ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்தது அதில் பாதிகூட இல்லை. விரித்திருந்த போர்வைகூடப் புதிது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கேள்வி கேட்கிற முறை வந்தால் கதையே வேறு.

"சீப்பா?" என்பார், முதல் கேள்வியிலேயே.

இத்தனை சாமான்கள் இருக்கும் வீட்டில் எடுத்த எடுப்பில் சீப்பா என்றால் அது சரியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? மாட்டினால் ஒரே கேள்வியில் ஜெயிக்கலாம், வாஸ்தவம். மாட்டாவிட்டால் கழிந்தது ஒரே ஒரு சீப்பு. மிச்ச வீடு அப்படியே இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சீப்பாம் சீப்பு! அந்தச் சீப்பு இப்ப ஜன்னல்லயே இல்ல. உங்க தங்கச்சி எடுத்துட்டுப் போய் பல்லை உடைச்சுட்டா. கேட்டா தானா உடைஞ்சுதாம். இப்ப அலமாரி மேல கெடக்கு. யோசிச்சுக் கேளுங்க."

"சரி சரி. வாசல் மணியா?"

"இல்ல. அந்த மணியைப் பத்திப் பேசாதீங்க. ஒரு தடவை அமுக்கினா நிக்கவே மாட்டேங்குது. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு செருப்புகூடப் போடாம ஓடி வந்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கேள்வியைக் கேளுங்க!"

"கண்ணாடியா?"

இப்படியே போகும். கண்ணாடிக்கு ஒரு திட்டு, கதவுக்கு ஒரு திட்டு. ஆமாம், இல்லை என்பதற்கு மேல் சொல்லக் கூடாது என்ற விதியைக் கோபத்தில் நானே மறந்துவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்பார். கடைசிவரை கண்டுபிடிக்கவே மாட்டார். மதியத்தில் ஆரம்பித்தால் வெயில் சாய்ந்துவிடும்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் எதையும் சரியாகச் செய்யாவிட்டால் பொறுக்காதே. உட்கார்ந்து பாடம் எடுத்தேன். பொருள் பேரைச் சொல்லாதீங்க, வீட்டைப் பாதியா வெட்டுங்க, எந்தப் பாதியில இருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு யோசிங்க, என் குணத்தை நினைச்சுப் பாருங்க என்று வாரா வாரம் மண்டையில் ஏற்றினேன். அவரும் நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டார்.

"சமையலறையா?"

"இல்ல."

"துணியா?"

"ஆமா."

"கட்டிக்கறதா?"

"இல்ல."

"தலகாணி உறையா?"

"ஆமா!"

சபாஷ் என்றேன். உச்சி குளிர்ந்து போயிற்று. அத்தோடு விளையாட்டு முடிந்துவிட்டது. "வேற என்ன?" என்றார் அவர். பழைய இடத்துக்கே வந்து நின்றோம்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பேச்சும் வந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் மனதுக்குள் அலமாரியில் அவருக்கு ஒரு தட்டுகூட ஒதுக்கியிருந்தேன்.

"அணை இன்னும் முடியல. இன்னும் ஒரு வருஷம் இருக்கியான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றார். "மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். நீ என்ன சொல்ற?"

"நான் என்ன சொல்றது? உங்க இஷ்டம்."

"இல்ல, உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். உங்க இஷ்டம்."

வந்துடுங்க என்பது நாக்கு நுனி வரை வந்தது. வந்துவிடு என்று ஒரு பெண் கேட்டு, அதன் பிறகு வருகிறவர் என்ன புருஷன்? அவராக வர வேண்டும். அவருக்கே வீட்டு நினைப்பு பொங்கி, கையெழுத்தாவது மண்ணாவது என்று தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டும். இந்த வீம்பைக் கட்டிக்கொண்டு என்ன சுகம் கண்டேனோ.

வாயால் கேட்கத்தான் மாட்டேனே தவிர, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. அவரோடு போனவர்களில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள், பாதிப் பேர் இருந்துவிடுவார்கள் என்று அவரே சொல்லியிருந்தார். ஆக, வருவதற்கும் வராததற்கும் சரிபாதி வாய்ப்பு என்று ஆரம்பித்தேன். பிறகு தடயம். வர நினைக்கிறவர் நிறையப் பேசுவார், இருக்க நினைக்கிறவர் சுருக்கமாக முடிப்பார். அந்த வாரம் பேச்சு சீக்கிரம் முடிந்தது. நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதைவிடச் சீக்கிரம். இன்னும் குறைத்தேன். அவர் நாலே கேள்வியில் என் பொருளைப் பிடித்துவிட்டு, வேற என்ன, வச்சிடவா என்பார். நானும் ரோஷத்தில் சரி என்பேன். வைத்துவிட்டு அந்த அழுக்குச் சட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொள்வேன். அதில் வாசனை போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. இருந்தாலும் மூடிக்கொள்வேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை, பட்டறையில் ஒரு கூத்து நடந்தது. ஒரு போர்டை நடுவில் தொட்டேன், மின்சாரம் இருந்தது. கடைசியில் தொட்டேன், அங்கேயும் இருந்தது. எங்கே தொட்டாலும் இருந்தது. "போர்டுல ஒரு கோளாறும் இல்ல சார். லிஃப்ட்லதான் ஏதோ தப்பு" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். காலையில் வேறு ஒரு சோதனைக்காக நானே கடைசி முனையில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் கிளிப்பைக் கழற்ற மறந்திருந்தேன்.

"ஏம்மா, நீ குடுக்கற கரண்டையே நீ அளந்துகிட்டு இருக்க. போர்டு பாவம் என்ன பண்ணும்?" என்றார். பட்டறையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

மறுநாள் காலையில் நாத்தனாரும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? அண்ணன்கிட்ட இன்னும் கொஞ்ச நேரம் பேசினாத்தான் என்ன?"

"நானா வைக்கறேன்? உங்க அண்ணன்தான் வச்சிடவா வச்சிடவான்னு நிக்கறாரு."

"இல்ல, அவ்வளவு உயரம் ஏறிட்டு வர்றான், பாவம்."

"எங்க ஏறிட்டு?"

நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத் தெரியாதா? அங்க கீழ சிக்னலே கிடையாது. லீவு நாள்ல கிரேன் மேல ஏறி, அந்த ஓட்டற ரூம்ல உக்காந்துதான் பேசறான். பூரா ஏணிதானாம். இறங்கினா கால் நடுங்குமாம். போன வாரம் நீங்க குளிச்சிட்டு இருந்தப்ப நான்தானே போனை எடுத்தேன், அப்ப சொன்னான்."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல. வாசல் மணி சரியாயிடுச்சான்னு கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் திரும்ப ஓடி வந்தாரான்னு கேட்டான். சீப்பை உடைச்சியே, புதுசு வாங்கினியான்னு கேட்டான். எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டீங்க போல." அவள் சிரித்தாள். "ஆனா பழைய கதையாவே கேக்கறான் அண்ணி. மேஜை விளக்கு, ஜன்னல் திரை, ஒண்ணுமே அவனுக்குத் தெரியல."

நான் மடித்து வைத்த போர்வையையே எடுத்துத் திரும்ப மடித்தேன்.

அவர் சீப்பா என்று கேட்டது சீப்பைக் கண்டுபிடிக்க இல்லை. சீப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஒவ்வொரு தப்புக் கேள்விக்கும் நான் ஒரு திட்டு திட்டி, வீட்டில் ஒரு மூலையைக் காட்டியிருக்கிறேன். பாதி பாதியாக வெட்டும் கேள்விக்கு ஆமாம், இல்லை என்பதோடு தீர்ந்தது. அதில் வீடு எங்கே தெரியும்? ஏணி ஏறி வருகிற மனிதரிடம், சீக்கிரம் முடிப்பது எப்படி என்று வாரா வாரம் பாடம் எடுத்திருக்கிறேன். முடிந்தது. நான் சொன்னபடி அவர் சீக்கிரம் முடித்ததைப் பார்த்துவிட்டு, இவருக்கு அவசரம், இவர் வரமாட்டார் என்று கணக்கு வேறு. என் கிளிப் மாட்டியிருந்த போர்டில் நானே மீட்டரை வைத்திருக்கிறேன்.

மதியம் போன் அடித்தது. அவர் குரலுக்குப் பின்னால் காற்று உஸ்ஸென்று இருந்தது. எப்போதும் இருக்கிற சத்தம்தான். வண்டி ஏதோ ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

"சாப்டியா?"

"அதெல்லாம் ஆச்சு. நான் ஒண்ணு நினைச்சிருக்கேன், கேளுங்க."

"வீட்டுக்குள்ளயா?"

"பாதி பாதியா கேக்காதீங்க. நேரா பேரைச் சொல்லிக் கேளுங்க."

"அது தப்பான முறைன்னு நீதானே சொன்ன?"

"தப்பாவே கேளுங்க."

 தயங்கித் தயங்கி, "சீப்பா?" என்றார்.

"இல்ல. உங்க தங்கச்சி புதுசு வாங்கிட்டா, பச்சை கலர்ல, பாக்கச் சகிக்கல. பழசைத் தூக்கிப் போடுங்கன்னா, நான்தான் விடல. அலமாரியிலேர்ந்து எடுத்துத் திரும்ப ஜன்னல்லயே வச்சிருக்கேன், நீங்க வச்ச இடத்துல. அந்த ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கேன், தெரியுமா? நீலம். காத்தடிச்சா சீப்பைக் கீழ தள்ளிவிட்டுடுது."

"நீலமா?"

"நீலம்தான். அடுத்தது கேளுங்க."

"வாசல் மணியா?"

மணியைப் பற்றிச் சொன்னேன். மிக்ஸியைப் பற்றி, மேஜை விளக்கைப் பற்றி, புதுப் போர்வையில் முதல் நாளே நான் காபியைக் கொட்டியதைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னேன். நடுவில் அவர் சிரித்த சிரிப்பு, எத்தனையோ வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு.

"குளியலறைக் கதவுக் கொக்கியா?"

"இல்ல. அது ஆடுது. துண்டு மாட்டினா கீழ விழுது. நான் அடிச்சா இன்னும் ஆடும்." அடுத்த கேள்விக்கு நான் காத்திருக்கவில்லை. "நீங்க வந்துடுங்க. கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு நல்லா ஒண்ணும் இல்ல, பொய் சொன்னேன். நீங்க இல்லாம எனக்கு இந்த வீட்டுல இருக்க முடியல."



"வெள்ளிக்கிழமையே போட்டுக் குடுத்துட்டேன், கரண்டு" என்றார். "நீ ஆமா, இல்லன்னு சுருக்கா முடிக்கறதைப் பாத்து, உனக்கு என்கிட்ட பேசவே சலிச்சுப் போச்சுன்னு நினைச்சுட்டேன்."

 அவரும் என்னை மாதிரியேதான் கணக்குப் போட்டிருக்கிறார். பாடம் எடுத்தவளும் நான்தானே.

"திருப்பி வாங்க முடியாதா?"

"கேட்டுப் பாக்கலாம். குடுக்க மாட்டாங்க."

"வாய்ப்பு எவ்வளவு இருக்கும்?"

"நூத்துல ஒண்ணு இருந்தா அதிகம்."

நூற்றில் ஒன்று. எடுத்த எடுப்பில் சீப்பா என்று கேட்பதைப் போல. இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்காதீங்க என்று எத்தனை ஞாயிறு அவரை வறுத்தெடுத்திருக்கிறேன்.

"கேட்டுப் பாருங்க" என்றேன்.

"சரி. நாளைக்கே கேக்கறேன்."  அவர் மூக்கை உறிஞ்சுவது இங்கே கேட்டது. "அப்ப... வச்சிடவா?"

"எப்படி வைப்பீங்க? விளையாட்டு முடியலையே. நீங்க இன்னும் கண்டுபிடிக்கல."

"ஏய், நிஜமாவே ஏதாவது நினைச்சிருக்கியா?"

"நினைச்சிருக்கேன். ஒழுங்கா கேளுங்க."

நான் எதையும் நினைத்திருக்கவில்லை. போன் அடிப்பதற்கு முன்பே அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். அவர் எந்தப் பொருளைச் சொன்னாலும் அது இல்லை. வீடு முழுக்கச் சொல்லித் தீர்த்தாலும் இல்லை. சரியாகச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடையாது. ஒரு வருஷம் கேட்டாலும் விளையாட்டு முடியாது.

ஏணியின் மேலே, காற்றுக்கு நடுவே, அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீலத் திரையா?" என்றார்.

"இல்ல" என்று ஆரம்பித்தேன். தான் கண்ணால் பார்த்திராத சாமான் ஒன்றின் பேரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "அதை மாட்டறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே, கேளுங்க."